அந்த எழுத்து யாருடையது?



உங்களில் சிலருக்கும் வந்திருக்கக்கூடிய ஒரு காணொளி சென்ற வாரம் எனக்கு வந்தது. நாற்பது வினாடி ஓடுவது. மண்சுவர் வீட்டுத் திண்ணையில் ஒரு கரும்பலகை. ஒரு கை சுண்ணக்கட்டியால் எழுதுகிறது. பிள்ளைகள் உரக்க வாசிக்கிறார்கள். எங்கே எடுத்தது என்ற குறிப்பில்லை. ஆனால் அதனோடு வந்த செய்தி பெரிது: இந்தியக் காடுகளில் ஒரு மக்கள் இன்றும் பழைய எபிரெயத்தில் எழுதுகிறார்களாம், இஸ்ரவேலின் காணாமற்போன கோத்திரம் இவர்களேயாம். இது மெய்தானா, பிறருக்கு அனுப்பலாமா என்று சபையார் ஒருவர் கேட்டிருந்தார். அனுப்புமுன் கேட்டாரே, அதுவே நன்று.

பல எழுத்து என்பது கெலமங்கலத்தாருக்குப் புதிதன்று. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே கடைவீதியில் புழங்குகிற ஊர் இது. வாசிக்கத் தெரியாதவரும் பலகையின் வடிவைக் கண்டே இன்ன மொழி என்று சொல்லிவிடுவார். காணொளியில் இருந்ததோ இவற்றில் ஒன்றுமில்லை. எழுத்துகள் வட்டமும் வளைவுமாக இருந்தன. இந்திக்கு உள்ளதுபோல் மேற்கோடு இல்லை. சில எழுத்துகளை ஒட்டிப் புள்ளி இருந்தது. எபிரெயத்திலும் உயிரொலிக்குப் புள்ளி இடுவதுண்டு. செய்தியை எழுதியவர் அதைக் கண்டு மயங்கினாரோ என்னவோ. ஆனால் அந்தக் கையைக் கவனியுங்கள். அது இடமிருந்து வலமாக எழுதிச் சென்றது. எபிரெயம் வலமிருந்து இடமாகச் செல்லும். ஓர் எழுத்தும் அறியாதவருக்கும் இது போதும். மேலும், நம் எழுத்தில் காலும் கொம்பும் மெய்யோடு சேர்ந்து நிற்கின்றன; அங்கே உயிரும் மெய்யும் தனித்தனி எழுத்தாய் வரிசையில் நின்றன.

நம்மைச் சூழ்ந்துள்ள தொழிற்சாலைகளுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் எத்தனையோ இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் மயூர்பஞ்ச் மாவட்டத்துத் தம்பி ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். இரண்டு வினாடி பார்த்தார். "பாஸ்டர், இது எங்கள் எழுத்து" என்று சொல்லி, அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து தாமும் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

அதன் பெயர் ஒல் சிக்கி. சந்தாலி மொழியின் எழுத்து. அதே மயூர்பஞ்சில் 1905இல் பிறந்த பண்டிட் ரகுநாத் முர்மு 1925இல் அதை உருவாக்கினார். முப்பது எழுத்துகள், ஆறு உயிர், இருபத்துநான்கு மெய். ஆறு வரிசை, ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் உயிர், அதன்பின் நான்கு மெய். வடிவங்கள் அவர்களுடைய வாழ்விலிருந்தே எடுக்கப்பட்டவை. ஓர் எழுத்து கலப்பை, ஒன்று அறுக்கும் அரிவாள், ஒன்று காளான், ஒன்று இரு கைகளாலும் ஏதோ ஒன்றை வாங்கிக்கொள்ளும் மனிதர். அதைக் கேட்டபின் காணொளியை மீண்டும் பார்த்தேன். பலகையில் ஒரு வயல்வெளியே இருந்தது.

காணாமற்போன கோத்திரம் என்பதற்கும் விடை சொல்லிவிடுகிறேன். சந்தாலி முண்டா மொழிக் கிளையைச் சேர்ந்தது. கம்போடியாவின் கெமர் மொழி அதற்குத் தூரத்து உறவு. எபிரெயம் உறவே அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதைப் பேசுவோர் 73 லட்சத்துக்கு மேல். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்ந்தது. 2008 முதல் யூனிகோடிலும் அந்த எழுத்துக்கு இடம் உண்டு. இவ்வளவு பேரைக் காணாமற்போனவர்கள் என்கிறோம். காலைதோறும் நம் பேருந்து நிறுத்தத்தில் கம்பெனி வண்டிக்கு நிற்கிறவர்களை யாரென்று கேட்கிறோமில்லை.

இதில் நம் விசுவாசத்தைத் தொடுகிற ஒன்றும் உண்டு. முர்முவுக்கு முன்பே சந்தாலிக்கு ரோமன் எழுத்து இருந்தது. அதை வளர்த்தவர்கள் மிஷனெரிகள். நார்வேயிலிருந்து வந்த பவுல் ஓலாவ் போடிங் 1914இல் வேதாகமம் முழுவதையும் சந்தாலியில் மொழிபெயர்த்து முடித்தார். ஐந்து தொகுதி அகராதியும் செய்தார். அம்மொழியின் நுண்ணிய ஒலிகளுக்கெல்லாம் குறி இட்டு எழுதிய உழைப்பு அது. இன்றும் சந்தால் கிறிஸ்தவர் பலர் ரோமனிலேயே வாசிக்கிறார்கள். போதாதென்று வங்காளத்தில் வங்க எழுத்து, ஒடிசாவில் ஒடியா, ஜார்க்கண்டில் தேவநாகரி. ஒரே பேச்சு, ஐந்து எழுத்து. அண்ணன் எழுதியதைத் தம்பி வாசிக்க இயலாது.

ஒல் சிக்கி பழைய மதத்தாரின் எழுத்து, அதை நாம் தொடலாகாது என்று சொல்லுகிற கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்களுக்கு நம்முடைய கதையைச் சொல்ல விரும்புகிறேன். 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ நூல் அச்சாயிற்று. மொழி தமிழ், எழுத்து ரோமன். கடற்கரையில் இருந்த நம் முன்னோரில் அதை எத்தனை பேர் வாசித்திருக்க முடியும்? இருபத்துநான்கு ஆண்டு கழித்து, 1578இல் கொல்லத்தில், அன்றிக் அடிகளார் "தம்பிரான் வணக்கம்" என்னும் சிறு நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். அந்த எழுத்து கிறிஸ்தவர் உண்டாக்கியதன்று. அதில் வேறு தெய்வங்களின் பாடல்கள் நூற்றாண்டுகளாய் எழுதப்பட்டிருந்தன. அதற்காக அவர் அதை ஒதுக்கவில்லை. நமக்குக் கிடைத்த இந்த உரிமையைச் சந்தால் சகோதரர் கேட்டால் தடுப்பதற்கு நாம் யார்? போடிங்கின் உழைப்பையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்த ரோமன் எழுத்தில் ஜெபிக்கக் கற்றவர்கள் நான்கு தலைமுறைக்காரர்கள்.

ஞாயிறு மாலைக் கூடுகைக்கு தும்காவிலிருந்து வந்த தங்கை ஒருவர் வருகிறார். அவர் கையில் ரோமன் எழுத்துப் பாட்டுப்புத்தகம். மயூர்பஞ்ச் தம்பியோ ஒல் சிக்கியில் எழுதிய குறிப்பேடு வைத்திருக்கிறார். பாடும்போது இருவர் குரலும் ஒன்றே. புத்தகத்தை மாற்றிக்கொடுத்தால் இருவரும் திகைப்பார்கள். சபையின் அறிவிப்புப் பலகையில் சந்தாலியில் ஒரு வரி எழுதவேண்டும் என்று மூப்பர்கள் தீர்மானித்தபோது, எந்த எழுத்தில் என்பதே கேள்வியாயிற்று. அவர்கள் இருவரையுமே கேட்டோம். நெடுநேரம் தங்களுக்குள் சந்தாலியில் பேசினார்கள். பின்பு அந்தத் தங்கை எங்களிடம் சொன்னார்: "ரெண்டிலும் எழுதுங்க, பாஸ்டர். இவன் எனக்குச் சொல்லித் தருவான்."

பலகை எழுதுகிறவரிடம் மாதிரித் தாள் கொடுத்திருக்கிறோம். வட்டம் அதிகம், கன்னடம் எழுதிப் பழகிய கைக்குக் கஷ்டமில்லை என்கிறார்.