சத்தத்தைக் குறை

என் அம்மா பாட்டுக் கேட்ட நேரங்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றில்கூட அவர் உட்கார்ந்திருந்ததாக நினைவில்லை. கூடத்து அலமாரியின் மேல்தட்டில் அப்பாவின் ரேடியோ இருக்கும். அதற்கு எதிரே அப்பாவின் சாய்வு நாற்காலி. அம்மா அடுப்படியில் இருப்பார். இலங்கை வானொலியில் பிடித்த பாட்டு வந்தால் கரண்டியை வாணலியிலேயே விட்டுவிட்டு நிலைப்படிவரை வந்து நிற்பார். சரணம் தொடங்குவதற்குள் தாளிப்பு கருகும் வாசனை வந்துவிடும், ஓடிவிடுவார். கூடத்திலிருந்து அப்பா "சத்தத்தைக் குறை" என்பார். அவர் சொன்னது ரேடியோவை அல்ல, அம்மா கழுவும் பாத்திரங்களை.

எனக்கு வேறு வீடு வாய்த்தது என்றுதான் நினைத்தேன். நான் முனைவர் பட்டம் வாங்கியவள், கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், இரண்டு கவிதைத் தொகுப்புகள் வெளியிட்டவள். ஒரகடம் பக்கத்தில், கண்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் போகிற சாலைக்கு அருகே எங்கள் வீடு. கணவருக்கு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கூடத்தில் அவருடைய ஹோம் தியேட்டர்: ஐந்து ஸ்பீக்கர், தரையில் ஒரு பெரிய பேஸ் பெட்டி. சோபாவில் ஓர் இடம் உண்டு. எல்லா ஸ்பீக்கரும் அந்த இடத்தைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். பதினாறு வருடத்தில் துணி மடிக்க மட்டுமே நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அங்கே உட்காரத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றாதது எப்படி என்று யோசிக்கவே நாற்பத்து நான்கு வயதாகிவிட்டது.

ஒரு விடுமுறையில் பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய பழைய ஆடியோ இதழ்கள் கிடைத்தன. எதைக் கண்டாலும் பாடமாகப் படித்துப் பழகியவள், அதையும் படித்தேன். அங்கேதான் அந்தச் சொல் கண்ணில் பட்டது. 'ஒய்ஃப் அக்செப்டன்ஸ் ஃபாக்டர்.' மனைவி எந்த அளவுக்குச் சம்மதிப்பாள் என்கிற கணக்கு. 1980களில் அமெரிக்க ஆடியோ இதழ்களில் புழக்கத்துக்கு வந்து, பிறகு ஆடியோ பிரியர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே பயன்படுத்துகிற சொல்லாகிவிட்டது. பெட்டி சின்னதாக, அழகாக, திரைச்சீலைக்குப் பொருத்தமாக இருந்தால் மனைவி விட்டுவிடுவாளாம். புத்தக அலமாரியில் வைக்கிற சிறிய ஸ்பீக்கர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தச் சொல் வந்தது. அந்த உலகத்தில் மனைவிக்குக் கண் உண்டு, காது கிடையாது.

அதே இதழ்களில்தான் டிரான்ஸ்மிஷன் லைன் என்ற வகை ஸ்பீக்கரைப் பற்றியும் படித்தேன். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் அசையும்போது முன்பக்கம் ஓர் ஒலி எழுகிறது, பின்பக்கம் அதற்கு நேர்மாறான இன்னோர் ஒலி எழுகிறது. இரண்டும் கலந்தால் மந்தர ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால் பெரும்பாலான பெட்டிகளில் பின்னொலியை உள்ளேயே அடைத்துவிடுவார்கள், அல்லது ஒரு துளை வைத்துக் கடத்தின் வாயில் ஊதுவதுபோல ஒலிக்க விடுவார்கள். டிரான்ஸ்மிஷன் லைன் வேறு வழியில் போகிறது. பின்னொலியை ஒரு நீண்ட, மடித்த பாதையில் நடக்கவிட்டு மறுமுனையில் திறந்துவிடுகிறது. பாதை நெடுகிலும் பஞ்சு. உயர்ந்த ஒலிகளைப் பஞ்சு விழுங்கிக்கொள்ளும், தாழ்ந்த ஒலி மட்டும் மெல்ல வெளியே வந்து முன்னொலிக்குத் துணை சேரும். மடித்த குழாயின் வேர் 1930களின் அமெரிக்க ரேடியோப் பெட்டிகளிலேயே உண்டு. நீள இழைக் கம்பளி ரோமம் அடைத்த வடிவத்தை 1965இல் ஆர்தர் பெய்லி என்ற ஆங்கிலேயர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதினார்.

பேனா மூடியின் வாயில் ஊதி விசிலடித்தவர்களுக்கு இதன் கணக்குப் புரியும். ஒரு முனை மூடிய குழாய், தன்னைவிட நான்கு மடங்கு நீளமுள்ள அலைக்கு ஒலிக்கும். ஒலி ஒரு நொடியில் சுமார் 345 மீட்டர் போகிறது. 60 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் அலையின் நீளம் ஐந்தே முக்கால் மீட்டர். அதில் கால் பங்கு 1.44 மீட்டர். அதை நான்காக மடித்தால் ஒவ்வொன்றும் 36 சென்டிமீட்டர். புத்தக அலமாரியில் நிற்கக்கூடிய உயரம்தான்.

இவ்வளவு எதற்கு, ஏற்கெனவே வீட்டில் பெரிய பெட்டி இருக்கிறதே என்று கேட்கலாம். நான் பாட்டுக் கேட்கும் நேரம் இரவு பத்தரைக்கு மேல். மாமியார் தூங்கியிருப்பார், மகனுக்குப் பரீட்சை இருக்கும். மெல்ல வைத்துத்தான் கேட்க வேண்டும். ஒலி குறையக் குறைய மனிதக் காது முதலில் இழப்பது மந்தரத்தை. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். போனில் கேட்டாலோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதுவுமே வராது. தம்புராவின் மந்தரத் தந்தி போய்விடும், மிருதங்கத்தின் தொப்பி போய்விடும். நின்றுகொண்டும், வேலைக்கு நடுவிலும், மெல்லவும் கேட்டுப் பழகிய பெண்கள் எத்தனையோ வருடமாக அடித்தளம் இல்லாத பாட்டையே கேட்டிருக்கிறோம். எங்கள் வீட்டில் இரவில் மந்தரம் என்றால் அது சாலையில் போகும் லாரிதான்.

வீணை தனம்மாள் நினைவுக்கு வந்தார். 1867இல் பிறந்து 1938இல் மறைந்தவர். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார், பெரிய வித்வான்கள் எல்லாம் வந்து கேட்பார்கள். அவர் வீணை மிக மெல்லியது. கேட்க வந்தவர்கள்தான் மூச்சடக்கி அமைதியாக இருக்க வேண்டியிருந்தது. பிருந்தாவும் முக்தாவும் பாலசரஸ்வதியும் அவருடைய பேத்திகள், அந்த மென்மையைக் கேட்டு வளர்ந்தவர்கள். மெல்ல ஒலிப்பது அடங்கிப்போவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த வீட்டில் அது அவருடைய அதிகாரமாக இருந்திருக்கிறது. அங்கே வீடும் அவருடையது, நேரமும் அவருடையது. வித்தியாசம் அதில்தான்.

நானே செய்வது என்று முடிவெடுத்தேன். ரிச்சி தெருவில் நான்கு அங்குல ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் இரண்டும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் வாங்கினேன். கடைக்காரர் என்னிடம் பேசாமல், என் பின்னால் நின்ற யாரோ ஒரு ஆணிடம் "சாருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். பிளைவுட் அறுக்க எங்கள் தெரு ஆசாரியிடம் போனேன். "என்ன டீச்சரம்மா, பெட்டிக்குள்ள இத்தனை தடுப்பு? எலிப்பொறியா?" என்றார். "பாட்டு நடந்து போற வழி அண்ணே" என்றேன். பொருநராற்றுப்படையில் யாழின் பத்தலுக்கு மான்குளம்புத் தடத்தை உவமையாகச் சொல்லும் இடத்தை வருடாவருடம் நடத்துகிறேன். இசைக்கருவி என்பது முதலில் ஒரு மரப்பெட்டி என்பது, மரத்தூள் மூக்கில் ஏறியபோதுதான் உறைத்தது.

ரோமத்துக்குப் பதில் பழைய கம்பளியைக் கிழித்துப் போட்டேன். போதவில்லை. அம்மா இறந்த பிறகு அவருடைய இலவம்பஞ்சுத் தலையணையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அதைப் பிரித்தேன்.

ஒயரை நானே இணைத்துப் பாட்டைப் போட்டேன். குரல் வந்தது, ஆனால் மெலிந்து, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் மிதந்தது. மந்தரம் சுத்தமாக இல்லை. கணவர் வந்து நின்று கேட்டார். "சின்னப் பெட்டி, இவ்வளவுதான் வரும். சொன்னேன்ல?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அனுதாபமாகவே சொன்னார். இரண்டு வாரம் அதன்மேல் துணி போர்த்தி வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவி வந்தாள். பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்திவிட்டு இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போனவள். மூன்று ஷிப்ட், ஹாஸ்டல் வாசம். "லைன்ல நிக்கிறேன் மேடம்" என்பாள். விடுமுறை நாளில் எப்போதாவது வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். துணியைத் தூக்கிப் பார்த்து, என்ன இது என்று கேட்டாள். சொன்னேன்.

"ரெண்டுக்கும் செவப்பு செவப்புலயா குடுத்தீங்க?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"நெனைக்கக் கூடாது மேடம், பாக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி பேட்டரியை எடுத்தாள். ஒரு பெட்டியின் ஒயர் முனையில் ஒரு நொடி வைத்தாள். கூம்பு வெளியே வந்தது. அடுத்த பெட்டியில் வைத்தாள். கூம்பு உள்ளே போனது. ஒன்றை நான் மாற்றி இணைத்திருந்தேன். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்திருக்கிறது. இரண்டு பெட்டிகளும் ஒன்றின் மந்தரத்தை மற்றது தின்றுகொண்டிருந்தன. ஸ்க்ரூவைக் கழற்றி, ஒயரை மாற்றி, திரும்ப முடுக்க அவளுக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கலாம். இன்னும் இறுக்க வேண்டுமா என்று கேட்டேன். "கைக்குத் தெரியும் மேடம்" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. தப்பாக இணைத்ததற்காக அல்ல. இரண்டு வாரமாக யாரிடம் காட்டலாம் என்று யோசித்தபோது என் மனதில் வந்த முகங்கள் எல்லாம் ஆண்கள். நாள் முழுக்க எலக்ட்ரானிக்ஸைக் கையால் தொடுகிற ஆயிரக்கணக்கான பெண்கள் என் வீட்டு வாசல் வழியாகக் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். வகுப்பில் பெண்ணுக்கென்று ஓர் அறை வேண்டும் என்று பேசுகிற எனக்கு, அவர்கள் உழைப்பாளிகளாகத் தெரிந்தார்கள், பாதிக்கப்பட்டவர்களாகத் தெரிந்தார்கள். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாடு கெட்டுப்போய்ப் பலர் நோயில் விழுந்தபோது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்களே, அன்று போராளிகளாகவும் தெரிந்தார்கள். வேலை தெரிந்தவர்களாக மட்டும் தெரியவில்லை.

என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டேன். இளையராஜா இசையில் ஜானகி பாடியது ஒன்றைச் சொன்னாள், போனில் நூறு முறை கேட்டதாம். போட்டேன். பல்லவி முடியும்போது "இது என்ன மேடம், கீழ ஒருத்தர் தனியா வேற பாட்டு வாசிக்கிறாரு?" என்றாள். பேஸ் கிதார். அந்தப் பாட்டில் அது எப்போதும் இருந்திருக்கிறது. "இன்னொரு தடவை போடுங்க. சத்தம் வேணாம், இதே அளவு" என்றாள். சமதூரத்தில் அலமாரிக்கு எதிரே பாயை விரித்து, அவளை அங்கே உட்காரச் சொன்னேன். மூன்றாவது பாட்டில் தூங்கிவிட்டாள்.

முதலில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அடுத்து எம்.எல். வசந்தகுமாரியைப் போட எடுத்து வைத்திருந்தேன். பிறகு அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹாஸ்டலில் ஓர் அறையில் எப்போதும் யாராவது தூங்குவார்கள், யாராவது கிளம்புவார்கள். அதனால் ஒரு காதில் மட்டும் இயர்போன், மறுகாது வார்டன் கூப்பிடுகிறாரா என்று கேட்பதற்கு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அரசு திறந்த விடுதியில் 18,720 பேர் தங்கலாம். 13 கட்டடம், ஒவ்வொன்றிலும் 240 அறை, அறைக்கு ஆறு பேர். முன்பு வாடகை வீடுகளில் நெருக்கியடித்துக் கிடந்ததற்கு இது எவ்வளவோ மேல், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அறைக்கு ஆறு பேர் என்னும்போது ஒருத்தி பாட்டை ஸ்பீக்கரில் வைக்க முடியாது. எனக்கு ஓய்வு என்றால் இசை. அவளுக்கு ஓய்வு என்றால் ஒலிகளில் எதற்கும் எழ வேண்டியதில்லை என்ற உறுதி. இரண்டும் ஒன்றல்ல என்பது தெரிய எனக்கு அந்த மதியம் வேண்டியிருந்தது.

இந்தப் பெட்டிகளைப் பற்றி மிகைப்படுத்த விரும்பவில்லை. நான்கு அங்குலக் கூம்பால் கல்யாண வீட்டை நிரப்ப முடியாது. கூட்டி வைத்தால் கரகரக்கும். ஆசாரியின் ஒரு தடுப்பு கோணலாகிவிட்டது. ஆனால் இரவு பத்தரைக்கு, யாரையும் எழுப்பாத அளவில், தம்புராவின் நான்கு தந்திகளும் வருகின்றன. ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து நான்குவரை கூடம் என்னுடையது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சொல்வதற்குப் பெரிய சண்டை எதுவும் தேவைப்படவில்லை. அது எனக்கு ஒருவிதத்தில் வருத்தமாகவே இருந்தது. அம்மாவும் சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். அவரிடம் சம்பளம் இல்லை.

நான்கு மணிக்கு அவள் பதறி எழுந்தாள். "மணி என்ன, பஸ் போயிடுச்சா?" இல்லை, நேரமிருக்கிறது என்றேன். டீ குடித்துக்கொண்டே பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஹாஸ்டலுக்கு இதெல்லாம் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றாள்.

"எங்கம்மாவுக்கு ஊர்ல செஞ்சு குடுக்கலாம். பிளைவுட் எத்தனை அடி ஆச்சு மேடம்?"

நான் வரைந்து வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். போனில் படம் எடுத்துக்கொண்டாள். கோணலான தடுப்பின் அளவைப் பென்சிலால் திருத்திவிட்டுக் கிளம்பினாள்.