உடம்பு என்கிற பாடம்

உடம்பைப் பற்றி நம் ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான்: அது அசையாமல் இருக்கவேண்டும். வாரத்தில் ஓரிரு பீரியட் அசையலாம். அதுவும் விசில் ஊதினால், எல்லோரும் ஒரே திசையில். கணக்குப் பாடம் முடியாவிட்டால் அந்தப் பீரியடும் கணக்குக்குப் போய்விடும்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பெண்ணுக்கு வீஸிங் உண்டு. டிரில் நேரத்தில் அவளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிடுகிறார்கள். மற்றவர்களின் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல். டீச்சர் நல்லவர்தான், மூச்சு வாங்கும் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. வீஸிங் கட்டுக்குள் இருக்கும் குழந்தை ஓடலாம். முதலில் மெல்ல நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு. இந்தப் பெண் அறிவியல் பரீட்சையில் நுரையீரலின் வேலை என்ன என்ற கேள்விக்கு முழு மார்க் வாங்கினாள். நுரையீரல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். 42-ம் பக்கம் என்றாள்.

இந்த டிரில்லுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1899–1902 போயர் யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது, வந்தவர்களில் பலர் உடல்தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டதில் இங்கிலாந்து கலவரப்பட்டது. 1904-ல் கமிட்டி அறிக்கை. 1907-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை சட்டமாயிற்று. 1909-ல் ஸ்வீடன்காரர் லிங்கின் முறையைத் தழுவிய தேகப்பயிற்சிப் பாடத்திட்டம். சுகாதாரமும் தேகப்பயிற்சியும் ஒரே பயத்துக்குப் பிறந்தவை. ஆனால் அதே இங்கிலாந்து 1952-ல் ஆரம்பப் பள்ளிகளுக்காக 'மூவிங் அண்ட் க்ரோயிங்' என்ற நூலை வெளியிட்டது. கட்டளையின் இடத்துக்குக் கேள்வி வரத் தொடங்கிய காலம் அது. இந்தப் பெஞ்சை எத்தனை விதமாகக் கடக்கலாம்? கட்டளைக்கு ஒரே பதில்தான், தவறினால் மரத்தடி. கேள்விக்கு ஒவ்வொரு உடம்பிலும் ஒரு பதில் இருக்கும், மூச்சு வாங்கும் உடம்பிலும். நாம் 1909-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

உடம்புக்கென்று ஓர் அறிவு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பாங்கில் நோட்டு எண்ண மெஷின் இருக்கிறது. ஆனாலும் கள்ளநோட்டை முதலில் சந்தேகிப்பது என் கட்டைவிரல். மூளைக்குத் தகவல் பிறகுதான் போகிறது. 'அனுபவம்', 'அனுபவம்' என்று விமர்சகர்கள் பக்கம்பக்கமாக எழுதுகிறோம், அது எங்கே நிகழ்கிறது என்ற விசாரணை இல்லாமலே. நம் புதுக்கவிதையிலும் உடம்பு ஏராளம். மூச்சு வாங்குகிற உடம்பைத்தான் காணோம்.

2009-ம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பார்க்கலாம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, 100 பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்தால், உடல்நலத்துக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்துக்கு அந்த ஏற்பாடு இல்லை. மைதானம் உண்டு. உடம்பு தன்னைத்தானே கண்டுபிடித்துக்கொள்ளும் வயதில் அதைக் கவனிக்கத் தனியாக ஆள் தேவையில்லை என்று தீர்மானித்திருக்கிறார்கள்.

ஆள் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. வகுப்பு டீச்சரே செய்யக்கூடியது இது: நெஞ்சில் கைவைத்துப் பார்க்கச் சொல்வது; மரம்வரை, அவரவர் வேகத்தில், போய்வரச் சொல்வது; மறுபடி கைவைத்து, என்ன மாறியிருக்கிறது என்று கேட்பது. நுரையீரல் 42-ம் பக்கத்திலிருந்து இறங்கி வந்துவிடும். டீச்சரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"செய்யலாம் சார். மார்க் எதுக்குப் போடறது?" என்றார்.