பெயர் தெரியாத வள்ளல்

அண்ணனுக்குக் கல்லீரல் மாற்று அறுவை நடந்து நான்காண்டுகள் ஆகின்றன. மூளைச்சாவு அடைந்த எவரோ ஒருவரின் கல்லீரல். பெயரோ ஊரோ சொல்லமாட்டார்கள். 1963இல் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் இந்தச் சிகிச்சையை முதன்முதலில் செய்தபோது நோயாளி பிழைக்கவில்லை. இன்று பிழைக்கிறார்கள். பார்க்க வருவோர் ‘மறுபிறவி’ என்கிறார்கள். அண்ணன் சிரித்துவைப்பார்.

புதிய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க, வாழ்நாள் முழுதும் இருவேளை டாக்ரோலிமஸ் மாத்திரை. அதனால் கைநடுக்கம். முத்துமுத்தாக எழுதியவர் கையொப்பமிடவே தயங்குகிறார். அவரது உறக்கமின்மையையும் மருந்தின் கணக்கிலேயே எழுதியிருந்தேன்.

சென்ற மாதம் ஓரிரவு கேட்டார்: “எட்டு மாசம் நாம எதுக்குடா காத்திருந்தோம்? ஈரலுக்கா, ஒருத்தன் சாவுக்கா?”

புரவலன் இறந்தபின் அவனிடம் பெற்றவன் புலம்புவது கையறுநிலை என்று ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துபவன் நான். பெயர் தெரியாத வள்ளலுக்கு எப்படிப் புலம்புவது? “நாம காத்திருந்ததால அவர் சாகலைண்ணே” என்றேன். அது உண்மை, ஆனால் போதவில்லை.

ஈரல் நொதிகளின் அளவு, இரத்தத்தில் மருந்தின் அளவு என எல்லாவற்றையும் நான்காண்டுகளாகக் குறித்துவைத்திருக்கிறேன். தூங்கினீர்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. மறுநாள் மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். “உள்ளே நீயும் வா” என்றார் அண்ணன்.