கடலுக்கு அடியில் ஒரு படம்

பெசன்ட் நகர் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் வடக்கே சற்றுத் தூரம் நடந்தால் ஊரூர் ஒல்காட் குப்பம் வந்துவிடும். படகுகள், வலைக் குவியல்கள், மீன் கூடைகள். அப்பால் அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். பிரம்மஞான சபையின் தலைமையகத்தை 1882-ல் அடையாற்றுக்குக் கொண்டுவந்த கர்னல் ஆல்காட்டின் பெயர் இந்த ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கரையில் நிற்கும் நமக்குக் கடல் ஒரே நீலப் போர்வைதான். அடியிலோ மணல், சேறு, பாறை என்று தனித்தனிப் பேட்டைகள்! பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள் மீனவர்கள். நீங்கள் பேரம் பேசி வாங்கும் கலவாய், பாறை இடுக்கில் குடியிருப்பது. நாக்கு மீனோ மணலிலும் சேற்றிலும் ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

முழுகிப் பார்க்காமலே இதையெல்லாம் எப்படி அறிகிறார்கள்? கயிற்றில் கட்டிய ஈயக் குண்டு ஆழத்தைச் சொல்லும். வலை சிக்கிக் கிழிந்தால் பாறை. அதே இடத்துக்கு மறுநாள் போகவும் வழி உண்டு. கரையில் தெரியும் ஓர் உயர்ந்த கட்டடமும் அதன் பின்னாலுள்ள மரமும் ஒரே கோட்டில் நிற்கும்படி படகைச் செலுத்துவார்கள். வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடி அடையாளம். இரண்டு கோடுகளும் வெட்டும் இடந்தான் பார்!

விஞ்ஞானிகள் ஒலி அலையை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை அளக்கிறார்கள். உலகக் கடல்தரை முழுவதையும் வரைய 2017-ல் 'ஸீபெட் 2030' என்ற திட்டம் தொடங்கியது. இதுவரை முடிந்திருப்பது கால் பங்குக்குச் சற்று அதிகம். ஆனால் எந்தப் பாரில் எந்த மாதம் எந்த மீன் கூடும் என்பதை எதிரொலி சொல்லுமா? அது மீனவர் மனத்தில் அல்லவா இருக்கிறது!

திருவனந்தபுரத்தில் ராபர்ட் பனிப்பிள்ளையும் அவருடைய 'பிரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்' நண்பர்களும் மீனவர்கள் சொன்ன பார்களில் முழுகி, அங்குள்ள உயிர்களைப் படம் பிடித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். மனத்திலிருந்த படம் காகிதத்துக்கு வந்தது.

அது வரவேண்டியது அவசியமும்கூட. மீன்பிடி இடங்களையும் மீன் இனம் பெருகும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கவேண்டும் என்று 2011-ம் வருஷத்துக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை கூறியது. குறிக்காத பார், திட்டம் போடுகிறவர் கண்ணுக்கு வெறும் தண்ணீர். அங்கே எதையும் கொட்டலாம், எதையும் கட்டலாம். பெரியவர்கள் மறையும்போது, வரையாத படமும் கூடவே மறைந்துவிடும்.

அடுத்த முறை மீன் வாங்கும்போது விலையோடு இன்னொன்றும் கேளுங்கள்: "இது பாரில் பிடித்ததா, சேற்றிலா?" வீட்டுக் குழந்தைகளுக்கு அது நல்ல பூகோளப் பாடம்!