கூந்தன்குளத்து நாரைகளும் ஊர் திரும்பும் கிறிஸ்தவரும்

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ளது. கூந்தன்குளம், காடன்குளம் என்னும் இரு பாசனக் குளங்களையும் சேர்த்துச் சுமார் 129 எக்டேர் பரப்பை 1994-இல் அரசு சரணாலயமாக அறிவித்தது. ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் அதன் பெயர் சேர்ந்ததாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து வெளிநாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் பெரும்பாலும் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் ஊர் திரும்புகிறார்கள். பறவைகள் வந்து இறங்கத் தொடங்குவதும் அதே பருவத்தில்தான். ஆனால் வந்தவர்களின் விடுமுறை ஆராதனை, அசனம், கல்யாண வீடு, பத்திர வேலை என்று கழிந்துவிடுகிறது. குளக்கரைக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குபவர்கள் குறைவு.

நெடுநாள் கழித்து வருபவரின் கண்ணில் முதலில் படுபவை காற்றாலைகள். அடுத்து, பனைகள் குறைந்திருப்பது தெரியும். மிஷனரி கால்டுவெல் 1841-இல் வந்து தங்கிய இடையன்குடி முதலாக, இந்தச் செம்மண் தேரிப் பகுதியின் பல சபைகள் பனையை நம்பி வாழ்ந்த மக்களிடையே வளர்ந்தவை. பனை மனிதருக்கு மட்டும் சோறு போடவில்லை. பனை உழவாரன் தன் சிறு கூட்டைப் பனையோலையின் அடியில் எச்சிலால் ஒட்டி வைக்கிறது. தூக்கணாங்குருவி ஓலை நுனிகளில் கூடு தொங்கவிடுகிறது. பனை விழுந்தால் இவையும் வீடிழக்கின்றன. சங்கீதக்காரர் ஆண்டவரின் பீடத்தருகே அடைக்கலான் குருவிக்கும் தகைவிலானுக்கும் இடம் இருப்பதைக் கண்டு மகிழ்ந்தார். நம் பழைய ஆலயங்களின் முகப்பிலும் உழவாரன்கள் கூடு கட்டுவதுண்டு. அழுக்காகிறது என்று வலை அடித்து அவற்றை வெளியேற்றுவது வருத்தத்துக்குரியது.

கூந்தன்குளத்தில் நாரைகள் குளத்தின் கருவேல மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீடுகளை ஒட்டிய மரங்களிலும் கூடு கட்டுகின்றன. தெருவில் நின்றபடி அண்ணாந்து பார்த்தாலே சங்குவளை நாரையின் மஞ்சள் அலகும் ஆரஞ்சுத் தலையும் தெரியும். பக்கத்துக் கிளைகளில் கூழைக்கடாக்கள். எச்சத்தின் வாடையும் ஓயாத அலகுச் சத்தமும் மாதக்கணக்கில் நீடிக்கும். ஊரார் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். தீபாவளிக்கும் வெடி போடாமல் இருப்பது இங்கே வழக்கம். மரத்தடியில் சேரும் எச்சம் வயலுக்கு உரமாகிறது. பறவை வந்தால் மழையும் விளைச்சலும் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்தவர்களும் இங்கே உண்டு.

இவையெல்லாம் வெளிநாட்டுப் பறவைகள் என்று பலர் சொல்லக் கேட்கலாம். அது பாதி உண்மைதான். இமயத்தைக் கடந்து நடு ஆசியாவிலிருந்து வரும் பட்டைத்தலை வாத்துகள் இங்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போய்விடும், முட்டையிடுவது அங்கேதான். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரைகளும் கூழைக்கடாக்களும் இந்த மண்ணின் பறவைகள். தண்ணீர் இருக்கும் இடம் பார்த்து அவை குளத்துக்குக் குளம் மாறுகின்றன. உச்சி வெயிலில் தாய் நாரையோ தந்தை நாரையோ கூட்டின் மேல் சிறகை விரித்து நின்று குஞ்சுகளுக்கு நிழல் தருவதை இங்கே நெடுநேரம் பார்க்கலாம். செட்டைகளின் நிழல் என்று சங்கீதங்கள் சொல்வது இதைப் போன்ற காட்சிகளிலிருந்தே பிறந்திருக்க வேண்டும்.

மலைப்பிரசங்கத்தில் இயேசு பறவைகளைக் கவனிக்கச் சொன்னார். விதைக்காத, அறுக்காத அவற்றையும் பிதா பிழைப்பூட்டுகிறார் என்றார். அந்த வசனம் கவலைப்படுவோருக்கு ஆறுதல் என்றே நம் ஓய்வுநாள் பள்ளிகளில் சொல்லித் தரப்படுகிறது. அது சரிதான், ஆனால் கவனியுங்கள் என்ற கட்டளையும் அதில் இருக்கிறது. இதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டவர் லண்டன் ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட். வாழ்நாள் முழுவதும் பறவை பார்த்த அவர் 1999-இல் பறவைகளை ஆசிரியர்களாக வைத்து ஒரு நூல் எழுதினார். போர்ச்சுகலில் ஒரு முகத்துவாரத்தைக் காக்க 1983-இல் தொடங்கிய ‘அ ரோஷா’ இயக்கமும் கிறிஸ்தவர்களால் உருவானதே.

கூந்தன்குளம் இந்த வசனத்துக்கு மேலும் ஒரு பொருளைக் காட்டுகிறது. இது மனிதர் வெட்டிய குளம். மணிமுத்தாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியே வந்தால்தான் நிறையும். நிறையாத ஆண்டில் நாரைகள் கூடு கட்டாமலே போய்விடுகின்றன. ஆகவே இங்கே பிதா பறவைக்கு ஊட்டும் இரை, மடையைத் திறக்கும் கை வழியாகவும் கரையைக் காக்கும் கை வழியாகவும் போகிறது. தாய்ப்பறவையைக் குஞ்சுகளோடு சேர்த்துப் பிடிக்காதே என்று உபாகமம் இட்ட கட்டளையும் இந்தப் பொறுப்பைத்தான் பேசுகிறது. வசனம் அறிந்த கிறிஸ்தவர்கள் செய்ய வேண்டியதை, கூந்தன்குளத்தார் வழக்கமாகவே செய்து வருகிறார்கள். திருச்சபை அவர்களிடம் கற்க வேண்டும்.

செய்வதற்கு வழிகளும் உண்டு. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலர்கள் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் ஜனவரியில் நடக்கும் அந்தப் பணிக்குச் சேகரத்து வாலிபர்களை அனுப்பலாம். ஆலய வளாகத்து வேம்பையும் புளியையும் வாகன நிறுத்தத்துக்காக வெட்டாமல் விடலாம். வெளிநாட்டிலிருந்து ஆலயக் கட்டடத்துக்குப் பணம் அனுப்புபவர்கள், ஊர்க் குளத்தில் மண்டிய சீமைக்கருவேலத்தை அகற்றவும் ஒரு பங்கு தரலாம். நாரைகள் கூடு கட்டும் கருவேலம் வேறு மரம். அதைத் தொடக் கூடாது. குளத்துக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் போக வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். சத்தம் போடாமல், கூடுகளை நெருங்காமல் நின்று பாருங்கள்.