பேசாத மீனின் பிணி

மீன் என்றதும் மட்டக்களப்பாரின் நினைவில் எழுவன இரண்டு. ஒன்று குழம்பு, மற்றொன்று பாட்டு. நிலவு காயும் இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பை நீரில் ஊன்றி, அதன் மேல் நுனியிற் செவியை வைத்துக் கேட்டால், வாவியின் அடியிலிருந்து இனிய ஒலி எழும் என்பது இவ்வூரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. 1848ஆம் ஆண்டிலே இங்கு வந்த எமர்சன் ரெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரியும் அவ்வொலியைக் கேட்டுத் தம் நூலில் எழுதிவைத்தார். பாடுவது மீனா, சிப்பி இனமா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

பாடும் மீனைப் பற்றிப் பேசுவார் பலர். ஆனால், வாய் திறவாத மீன் ஒன்று வீட்டுத் தொட்டியிலே நோயுற்றால் அதன் துயரை எவ்வாறு அறிவது? நாய் முனகும், பசு தீனியை விட்டு விலகி நின்று கதறும். மீனோ கண்ணீரும் காட்டாது, குரலும் எழுப்பாது. அதன் நோயைக் கண்ணாலேதான் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நாற்பது லீற்றர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. மகளின் பிறந்தநாளுக்கு அவளுடைய மாமா வாங்கித் தந்தது. அதில் மூன்று தங்கமீன்கள் சுகமாக வாழ்ந்து வந்தன. மார்கழி மழை தொடங்கிய வாரத்திலே மாமா மீண்டும் வந்தார். பொலித்தீன் பையிலே கொணர்ந்த நான்காவது மீனை, மருமகளை மகிழ்விக்கும் ஆவலில் அப்பொழுதே தொட்டியில் விட்டார். பத்து நாள் சென்றிருக்கும். மீன்கள் அடிக்கற்களிலே உடலைத் தேய்த்துக்கொள்ளத் தொடங்கின. உற்று நோக்கினால் செதிலிலும் துடுப்பிலும் உப்புத்தூள் தூவியது போன்ற வெண்புள்ளிகள்!

மகள் உண்ண மறுத்தாள். என் தாயாரோ, "ஏன் மனே கண்ணாடிக்குள்ள போட்டு வாட்டுறாய்? ஆத்தில உட்டா அது தன்ட பாட்டில பிழைச்சிக்கும்" என்றார். எங்கள் பக்கத்திலே வாவியை ஆறு என்பதே வழக்கம்.

அருளுள்ளம் கொண்ட சொல்தான் அது. ஆயினும் அவ்வாறு செய்யலாகாது. தங்கமீன் சீன தேசத்திலே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் வளர்த்துப் பழக்கிய நன்னீர் மீன். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நம் வாவியோ கடலோடு கலந்தது; கோடையில் உவர்ப்பு ஏறும், மாரி வெள்ளத்தில் இறங்கும். அங்கே பொன்னிற மீன் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் எளிய இரை. தப்பிப் பிழைத்தாலும், மாரிக்காலத்து உவர்ப்புக் குறைந்த நீரிலே அதனோடு நோயும் குடியேறக்கூடும். தொட்டியைச் சுத்தம் செய்யுமென்று வாங்கப்பட்ட அயல்நாட்டு மீன்கள் இன்று இலங்கையின் நீர்நிலைகளிலே பெருகிக் கிடப்பதை அறிவோம். ஓர் உயிருக்குக் காட்டும் இரக்கம் பல உயிருக்குத் தீங்காகலாமோ? தாயாரிடம் இதை எடுத்துச் சொன்னேன். சற்று யோசித்தார், "அப்ப நீயே பார்த்துக்கொள்" என்றார்.

நண்பர்காள்! இந்த வெண்புள்ளி நோயின் இயல்பை அறிந்தால் பாதி மருத்துவம் முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுயிர் ஒன்று மீனின் தோலுக்கடியில் புகுந்து தின்று வளர்கிறது. நாம் காணும் புள்ளி அதுவே. முதிர்ந்ததும் அது மீனை விட்டு விழுந்து, தொட்டியின் அடியிலே கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அக்குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றாவிடில் மடிந்துபோகும். தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதனைத் தீண்டாது. நீரில் நீந்தும் குஞ்சுப் பருவத்திலேதான் வெல்ல முடியும். ஆகவே மருந்து மீனுக்கன்று, நீருக்கே.

அம்மருந்தும் அடுக்களையிலேயே இருந்தது. கல்லுப்பு! லீற்றருக்கு ஒரு கிராம் வீதம் முதல் நாள் கரைத்து ஊற்றி, மூன்றாம் நாளில் மூன்று கிராம் அளவுக்கு உயர்த்தினேன். நீர்ச்செடிகள் உப்பைத் தாங்கா. ஆதலின் அவற்றை முன்னரே வேறு வாளிக்கு மாற்றினேன். நாள்தோறும் பத்து லீற்றர் நீரை அடியிலிருந்து உறிஞ்சி அகற்றிப் புதுநீர் ஊற்றும்போது, அப்பத்து லீற்றருக்குரிய முப்பது கிராம் உப்பையும் சேர்த்தேன். குழாய் நீரில் குளோரீன் இருக்குமாதலால் அதை முதல்நாளே அகன்ற வாளியில் திறந்து வைத்தோம். காற்றூட்டும் கருவி இரவும் பகலும் ஓடியது.

"எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினால் என்ன?" என்று மனைவி கேட்டாள். மீன் வெளிவிடும் அமோனியா அதற்கே நஞ்சு. அந்நஞ்சை மாற்றித் தீமை குறைந்த பொருளாக்கும் நற்பற்றீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் குடியிருக்கின்றன. அனைத்தையும் கழுவிவிட்டால் அவையும் அழியும். நோயுற்ற மீன் நஞ்சிலே நீந்த நேரும். எனவே பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே மெல்ல அலசினோம்.

நான்காம் நாள் புதிதாக வந்த மீன் இறந்தது. செவ்வரத்தைச் செடியடியிலே மகள் அதனைப் புதைத்தாள். ஏழாம் நாள் மற்ற மூன்றின் புள்ளிகளும் மறைந்தன. "இனிப் போதும் அப்பா" என்றாள். புள்ளி மறைந்தது நோய் மறைந்ததாகாது. அடியிலே கூடுகள் இருக்கலாம். பதினான்காம் நாள்வரை உப்பு நீரைத் தொடர்ந்தோம். அதன் பின்னரே படிப்படியாக நன்னீருக்கு மீண்டோம். மூன்றும் பிழைத்தன. இப்பொழுது எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: எந்தப் புதுமீனும் மூன்று வாரம் தனிப் பாத்திரத்தில் விருந்தாளியாக இருந்த பின்னரே தொட்டிக்குள் புகலாம். அச்சட்டத்தை இயற்றியவள் மகள். மாமாவுக்கும் அதில் விலக்கில்லை.

மீன் வளர்க்கும் மாணவர்கள் மருந்துக்கடைக்கு விரையுமுன் நீரைப் பாருங்கள். மனிதர் காற்றை மறந்து வாழ்வது போல மீனும் நீரை மறந்து வாழ்கிறது. அதை நினைக்க வேண்டியவர் அதனை வளர்ப்பவரே. கண்ணாடிக்குள் அடங்கிய நாற்பது லீற்றருக்கு இத்தனை கவனம் வேண்டுமெனின், நம் வடிகால்கள் சென்று விழும் வாவிக்கு எவ்வளவு வேண்டும்? அங்கே தினமும் நீரை மாற்றித் தருவார் ஒருவருமில்லை. அதனைக் கெடாமற் காப்பது ஒன்றே நம்மால் ஆவது.