கெட்டிமேளம் கேட்கிற காது

திருவண்ணாமலையில் குறும்படம் எடுக்கும் பையன்கள் சிலர் இருக்கிறார்கள், ஒருநாள் வந்து பாருங்கள் என்று நண்பர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பெரிய ஆர்வமில்லை. 2009-இல் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' வந்தது. அதில் படம் காட்டிய கார்த்திக் சுப்பராஜ் 2012-இல் 'பீட்சா' எடுத்தார், நலன் குமரசாமி அடுத்த ஆண்டே 'சூது கவ்வும்' எடுத்தார். அன்றிலிருந்து தெருவுக்கு ஒரு குறும்பட இயக்குநர். பாதிப் படங்கள் தயாரிப்பாளரிடம் நீட்டுகிற விசிட்டிங் கார்டுதான். ஆனால் இந்தப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் ஒரு கல்யாண வீடியோக்காரர் என்றதும் பஸ் ஏறிவிட்டேன்.

செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் ஓட்டு வீடு. பாட்டியும் பேரனும் பேசிக்கொள்ளும் காட்சி. பாட்டியாக நடிப்பவர் பக்கத்து வீட்டு அம்மா. அவர் முந்தானைக்குள் சட்டைப் பித்தான் அளவு மைக்கை ஒளித்திருந்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த வீடியோக்காரர், பையன்களுக்கு அவர் அண்ணன், முகத்தைச் சுளித்தார். "ம்மா, நூல் பொடவை இருக்குதா? இது சரசரங்குது." அந்த அம்மா சலிக்காமல் போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

அடுத்து மின்விசிறியை நிறுத்தினார்கள். பிறகு ஃப்ரிட்ஜ். அதை அணைத்த கையோடு அண்ணன் தன் பைக் சாவியை உள்ளே, மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மூடினார். நான் விழித்ததைப் பார்த்து, "திரும்ப ஆன் பண்ண மறந்துட்டா அந்தம்மா மாவு புளிச்சிடும் சார். சாவி உள்ள இருந்தா மறக்காது" என்றார்.

எல்லாம் அடங்கியபின் மயில் கத்தியது. ரமணாசிரமத்துப் பக்கம் மயிலுக்குப் பஞ்சமில்லை. மயில் ஓய்ந்தால் பெங்களூர் பஸ்ஸின் ஏர்ஹாரன், அது ஓய்ந்தால் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி. "கட் பண்ணாத தம்பி, போவட்டும்" என்று அண்ணன் காத்திருந்தார். மலையும் 217 அடி ராஜகோபுரமும் இருக்கிற ஊர் என்று கேமராவோடு எல்லோரும் ஓடி வருகிறார்கள். இது எவ்வளவு இரைச்சலான ஊர் என்பது படம் எடுக்கிறவனுக்குத்தான் தெரியும்.

ஒரு பையன் பெயின்ட் அடிக்கிற நீளக் கம்பின் நுனியில் பெரிய மைக்கைக் கட்டி, ஃபிரேமுக்குள் வராமல் தலைக்கு மேலே பிடித்திருந்தான். கை நடுங்கியது. கேமரா ஓட ஆரம்பித்ததும் இன்னொருவன் முன்னால் வந்து பளீரென்று கைதட்டினான். ஒலி தனிக் கருவியில் பதிவாகிறது. உள்ளங்கைகள் சேரும் படத்தையும் அந்தத் தட்டல் ஒலியையும் கணினியில் பொருத்தினால் மொத்தக் காட்சியும் உதட்டசைவோடு ஒட்டிக்கொள்ளும். காட்சி முடிந்தபின் அரை நிமிடம் யாரும் அசையவில்லை. வெறும் கூடத்தின் ஓசையைப் பதிவு செய்தார்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் திடீரென்று காது அடைத்ததுபோல் ஆகாமல் இருக்க அதைத்தான் அடியில் விரிப்பார்களாம்.

லென்ஸ், கலர் கரெக்‌ஷன் என்று பையன்கள் ஆர்வமாக விளக்கினார்கள். எனக்குப் பாதி புரியவில்லை, மீதியில் மனம் ஒட்டவில்லை.

அண்ணனின் கதையில் ஒட்டியது. பத்தாவதோடு படிப்பை விட்டவர், முதலில் லைட் பையன். மண்டபத்தில் ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடித்து, மாப்பிள்ளைக்கு வியர்க்க வைப்பதுதான் வேலை. பிறகு தோளில் தூக்குகிற வி.எச்.எஸ். கேமரா. 2008-இல் வந்த கேனான் ஃபைவ் டி மார்க் டூவை, சில ஆண்டு கழித்துப் பழையதாக வாங்கியிருக்கிறார். அதில் ஒரு ஷாட் சுமார் 12 நிமிடம்தான் ஓடும், தானாக நின்றுவிடும். தாலி கட்டும்போது நின்றால் தீர்ந்தது, அதற்கு ரீடேக் கிடையாது. அதனால் கண் கேமராவில் இருந்தாலும் காது மேளக்காரரிடம் இருக்கும். கெட்டிமேளத்துக்கு முன்பு அவர்கள் உட்கார்ந்த இடத்தில் நிமிர்கிற அசைவே தனக்குத் தெரியும் என்றார்.

"ஆனா அந்தச் சத்தத்தையெல்லாம் அழிச்சிட்டு சினிமாப் பாட்டுதான் சார் போட்டேன். பொண்ணோட அப்பா அழுததுகூட எங்கிட்ட இருந்துச்சு."

குறும்படத்துக்கு இந்த ஊரில் வேறு வேரும் உண்டு. ஒரு கூத்துக் கலைஞனைப் பற்றி எழுத்தாளர் பவா செல்லதுரை எழுதிய 'ஏழுமலை ஜமா' கதையைக் குறும்படமாக எடுத்த எஸ். கருணா இந்த ஊர்க்காரர்தான். தமிழ்ச் சிறுகதைகளைப் பாலு மகேந்திரா சன் டி.வி.க்காக 'கதை நேரம்' என்று 52 குறும்படங்களாக எடுத்தார். அவற்றில் சிலவற்றைக் கதை, திரைக்கதை, குறுந்தகடு என்று சேர்த்துப் புத்தகமாகப் போட்டதும் இங்குள்ள வம்சி பதிப்பகம். கதையில் ஒரு பத்தியாக இருப்பது திரையில் ஒரு பார்வையாக எப்படிச் சுருங்குகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆரம்பக்காரனுக்கு அதைவிட நல்ல வாத்தியார் எனக்குத் தெரிந்து இல்லை.

தேநீர் குடிக்கும்போது ஒரு பையன் கைப்பேசியில் விருதுச் சான்றிதழைக் காட்டினான். தங்க இலைகளுக்கு நடுவே அவன் பெயர். எந்த ஊரில் திரையிட்டார்கள் என்று கேட்டேன். திரையிடவே இல்லை. நுழைவுக் கட்டணம் டாலரில். கேடயம் வேண்டுமென்றால் அதற்கும் தனியாகப் பணம், அனுப்பும் செலவு தனி. இன்னொருவனிடம் பெரிய யூடியூப் சேனல் ஒன்று நீட்டிய ஒப்பந்தத் தாள் இருந்தது. படத்தின் முழு உரிமையும் அவர்களுக்கு. இவனுக்கு 'வெளிச்சம்' கிடைக்குமாம். சொந்தச் சேனலில் போடலாமே என்றால், விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். எட்டு நிமிடப் படத்தை 30,000 பேர் கடைசிவரை பார்த்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். இது தெரிந்துதான் அந்தத் தாளை நீட்டுகிறார்கள். வெயிலில் கம்பு பிடித்து நின்றவனுக்குப் பிரியாணிப் பொட்டலம், உட்கார்ந்த இடத்தில் பதிவேற்றுகிறவனுக்கு மாதா மாதம் பணம். கலைச்சேவை என்று இதற்குப் பெயர் வைத்திருப்பதுதான் வயிற்றெரிச்சல். நெல் வியாபாரத் தரகராவது மூட்டையைத் தூக்கிப் பார்ப்பார். இவர்களில் எத்தனை பேர் படத்தை முழுசாகப் பார்த்திருப்பார்கள்?

அண்ணன் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். வருகிற முகூர்த்தத்தில் ஆரணியில் ஒரு கல்யாணம். அந்தப் பையன்தான் இரண்டாவது கேமரா. சம்பளம் உண்டு. இந்த முறை மைக்கையும் எடுத்துப்போகிறார்கள். பெண் வீட்டார் சம்மதித்தால் பாட்டுப் போடாமல் ஐந்து நிமிடம் வெட்டித் தருவதாக அண்ணன் பேசியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டில் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.